அடுப்புக்கு மேல் இருந்த நூலகம்

அடியே, இன்று காலை நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தைத் திறந்தார்கள். நூலகத்தைப் புதுப்பிக்கிறார்களாம். புது மேசை, புது விளக்கு, மாணவர்கள் கூடிப் பேச ஓர் அறை, எல்லாம் வரப்போகிறது. அதற்காக வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த பெட்டிகளை வெளியே இழுத்தபோது குப்பென்று பூஞ்சை நாற்றம். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் கைப்பையைத் திறந்து, உள்ளே இருந்த உன் புத்தகத்தை எடுத்து மோந்தேன். விறகுப் புகை வாசம். பக்கத்தில் நின்றவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும்.

அதல்ல விஷயம். மதியம் ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? ஆனால் அதற்கு முன்னால் உன்னை நன்றாகத் திட்ட வேண்டும். செத்துப்போன பிறகாவது குறுக்கே பேசாமல் கேள்.

எழுபதுகளின் கடைசி அது. நான் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். உனக்கு நம் ஊர் எஸ்டேட் தொழிற்சாலையின் மாடியில் தேயிலை வாட்டும் வேலை. விடுமுறைக்கு வந்த என்னைப் பிடித்து உட்காரவைத்து, பல்கலைக்கழக நூலகத்தில் நாற்காலியை எப்படிப் போட்டிருக்கிறார்கள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கேட்டால் யார் எடுத்துத் தருவார்கள் என்று துருவித் துருவிக் கேட்டாய். ஏதோ ஆசைக்குக் கேட்கிறாய் என்றுதான் நினைத்தேன். அடுத்த விடுமுறைக்கு வந்தால், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக் கொட்டகையை எஸ்டேட் மேனேஜர் துரையிடம் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, டீப்பெட்டிப் பலகையில் அலமாரி அடித்து, வீடு வீடாகவும் கடை கடையாகவும் ரிங்லெட் டவுன் வரை போய்ச் சேர்த்த புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தாய். கொழுந்துக் கூடைகளை மாட்ட வாசலில் ஆணிகூட இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"என்னாடி படிச்சவளே, ஒங்க லைப்ரரி மாதிரி இருக்கா?" என்றாய்.

"அங்க கூடை மாட்ட ஆணி இல்லடி."

"அப்ப எங்களுதுதான் ஒசத்திலா!"

பிறகு மழைக்காலம் வந்தது. நான் மறுபடியும் விடுமுறைக்கு வந்திருந்தேன். நம் மலை மூடுபனிக்குக் கதவும் சன்னலும் ஒரு பொருட்டா? அட்டைக்கு அட்டை பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. "புஸ்தகத்துக்குச் சளி புடிச்சிருச்சிடி" என்று நீ புலம்பியது சரி. அதற்கு நீ செய்த வைத்தியம் இருக்கிறதே! யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், பறித்த இலையைப் பரப்பி வெதுவெதுப்பான காற்றை ஊதவிடும் அந்த மாடியில், இலைக்குப் பக்கத்திலேயே புத்தகங்களையும் விரித்து வைத்துவிட்டாய். அறிவிருக்கிறதா உனக்கு? தேயிலை அக்கம்பக்கத்து வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று, தலையில் பூ வைத்து வந்தவளையே வாசலில் நிறுத்திக் கழற்றச் சொன்னவள் நீதானே!

மறுநாள் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் வழக்கம்போல் கோப்பைகளை வரிசையாக வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். முதல் வாயிலேயே துப்பிவிட்டு, "என்னாய்யா இது, ஈரக் கோணி நாத்தம்!" என்று கத்தினாராம். எலி செத்துக் கிடக்கிறது என்று இயந்திரத்துக்கு அடியிலெல்லாம் ஆள் விட்டுத் தேடியிருக்கிறார்கள். நீ முன்னால் போய் நின்றாய். "எலி இல்லீங்கய்யா. நாந்தான். புஸ்தகம் காயப்போட்டேன்."

துரை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கொட்டகையை மூட வேண்டும். மறுநாள் பின்னேரம் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி வந்து புத்தகங்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போவார். உன் வேலை தப்பியதே பெரிய காரியம் என்று எல்லாரும் சொன்னார்கள். உனக்கு அது காதிலேயே ஏறவில்லை. கொட்டகைப் படியில் உட்கார்ந்து, "வேலை போனா வேற எஸ்டேட்டு இருக்கு. இது போனா எனக்கு என்னாடி இருக்கு?" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

கிராணி வந்து கதவைத் திறந்தபோது நானும் கூட நின்றேன். அலமாரி துடைத்து வைத்த மாதிரி காலி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க போச்சு எல்லாம்?" என்று அவர் அலறினார். கொழுந்தை எடை போட்டுவிட்டு வீடு திரும்பிய பெண்கள் முதுகில் கூடையோடு அவரைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. இலையைக் கொட்டிய பிறகும் அன்று கூடைகள் ஏன் அவ்வளவு கனத்தன என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அன்றிலிருந்து தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள்தான் நூலகம். வீட்டுக்கு வீடு, அடுப்புக்கு மேலே பலகையில் இரண்டு மூன்று புத்தகம். எது எந்த வீட்டில் என்பது உன் தலைக்குள் இருந்தது. கேட்டு வருகிறவளை அந்த வீட்டுக்கு அனுப்புவாய். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்டால், "அடுத்தவ வந்து கேக்கற வரைக்கும் வெச்சுக்க" என்பாய். அடுப்புச் சூட்டில் பூஞ்சை கிட்டவே வரவில்லை. "மூடச் சொன்ன தொரைதான்டி நம்ம புஸ்தகத்தைக் காப்பாத்துனது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அப்படிச் சிரித்தவள் இப்படியா செய்வாய்? போன மாதம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். காலையில் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், நின்றிருந்தவள் அப்படியே சுருண்டு விழுந்தாயாம். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் "ராங் நம்பர்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர் குரல் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வைத்துவிட்டேன். அவர் மறுபடி கூப்பிட்டார். ஒரு தலைவலி என்றுகூடப் படுக்காதவள், முப்பது வயதைத் தாண்டி எத்தனை நாள் ஆயிற்று உனக்கு?

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். பெண்கள் சீனியும் பாலும் கொண்டு வந்தார்கள். கூடவே ஆளுக்கு ஒரு கட்டுப் புத்தகம். உன் படத்துக்கு முன்னால் பாயில் அவை குவிந்தன.

"எது எங்க இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும். அவளே போய்ட்டா," என்றார் உன் வீட்டுக்காரர். "எல்லாத்தையும் ஒங்க யுனிவர்சிட்டிக்கே கொண்டு போயிருங்க."

"அங்க பெட்டியில போட்டுப் பூட்டிருவாங்கண்ணே. அவங்கவங்க எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் என் மனசுக்குள், எல்லாம் தீர்ந்தது என்றுதான் இருந்தது. கேட்டு வருகிறவளை அனுப்ப நீ இல்லை. இன்னும் சில மாதத்தில் யாராவது அடுப்புப் பற்றவைக்கக் கிழிப்பார்கள். பாயில் உன் வீட்டுப் புத்தகம் ஒன்று மட்டும் மிஞ்சியது. பிரசவம், பிள்ளை வளர்ப்பு பற்றியது. அட்டை போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. உன் நினைவாக அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இன்று மதியம் முகப்பு மேசையில் இருந்தேன், புத்தகங்களில் தேதி முத்திரை குத்திக்கொண்டு. வாசலில் காவலாளி ஒரு பெண்ணை நிறுத்திக் கார்டு கேட்டார். அவள் மலாயில் அவரோடு மல்லுக்கு நின்றாள். என்னைக் கண்டதும் தமிழில் கத்தினாள்.

"அக்கா! கன்னத்துல மச்சம் உள்ள அக்கா நீங்கதானே? எனக்கு இங்க உள்ள புஸ்தகம் ஒன்னும் வேணாம்லா. ஒங்ககிட்ட இருக்கறதுதான் வேணும்."

முன்பின் பார்த்ததில்லை அவளை. நிறைமாத வயிறு.

"யாரும்மா நீ?"

"கோலா தெர்லாவுலேருந்து வர்றேன்க்கா, ஒங்க மலைதான். எங்கண்ணன் காய்கறி லோரியில வந்தேன்."

"ஐயோ, இந்த வயித்தோட, அந்த வளைவு ரோட்ல, லோரியிலயா!"

"புஸ்தகம் இங்க இருந்தா நான் என்னாக்கா செய்றது? எஸ்டேட்ல கேட்டேன். அது கோலாலம்பூர்ல லைப்ரரி அக்காகிட்ட இருக்குன்னாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். எந்த வீட்ல எது இருக்குன்னு லயத்துல எல்லாருக்கும் தெரியுமே!"

அடிப்பாவி! உன் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்றல்லவா நானும் உன் வீட்டுக்காரரும் நினைத்தோம்? ஒருத்தியை இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பி அனுப்பி, அத்தனை பேர் தலையிலும் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாய்.

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அது அவ நெனவா வெச்சிருக்கேன்மா."

"நெனவ நீங்க வெச்சுக்குங்க, புஸ்தகத்தைக் குடுங்க. புள்ள காத்துக்கிட்டு இருக்குமாக்கா?"

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய? நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"எப்பக்கா திருப்பித் தரணும்?"

தேதி முத்திரை என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"அடுத்தவ வந்து கேக்கற வரைக்கும் வெச்சுக்க" என்றேன். சொன்ன பிறகு நானே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன்டி, நீதான் பின்னால் நிற்கிறாயோ என்று.