திகனவில் பெய்யாத மழை

அன்பு மகன் அஸ்ஃபருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உன் தங்கை சப்னாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், மனசுக்கு நான் சுகமில்லை, அதைக் கீழே எழுதுகிறேன். நீ டப்ளினில் சுகமாக இருக்க எப்போதும் துஆ செய்கிறேன். போனில் பேசினால் கோபத்தில் எனக்கு மூச்சு வாங்குகிறது, அதனால் எழுதி சப்னாவிடம் கொடுக்கிறேன், அவள் படம் எடுத்து அனுப்புவாள். கடைசி வரை படி.

போன கிழமை நீ அனுப்பிய மழைப் படத்தைப் பார்த்தேன், சந்தோசம். இங்கே திகனவில் ஜூனில் எழும்பிய வறட்டுக் காற்று ஆகஸ்ட் பாதியாகியும் அடங்கவில்லை. கிணற்றில் அடி தெரிகிறது, குழாய்த் தண்ணீர் நம் மேட்டுக்கு ஏறுவதே இல்லை. விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றி, அதில் மூழ்கிய பழைய தெல்தெனிய ஊரின் சுவர்கள் வெளியே நிற்கின்றன, கொழும்பிலிருந்து வேனில் வந்து அதைப் படம் பிடித்துப் போகிறார்கள், எங்கள் வெறும் வாளியைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அழகம்மா நோகும் முழங்காலோடு ஓடைக்கு இறங்கி ஒரு குடம் சுமந்து வருகிறாள். இந்தப் பாதையில் முப்பத்தாறு வீடு. வறட்சிப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் தண்ணீர் பவுசர் லொறி வரும், நம் பகுதியின் பெயர் அதில் இல்லை. ஏனென்றால் கண்டியில் மழை பெய்ததாம். கண்டியில் குடையோடு பஸ் ஏறினால் பலகொல்லையைத் தாண்டும்போதே குடை காய்ந்துவிடும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் உன் வாப்பாவின் மழைப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அந்தப் பட்டியல் போடும் அலுவலகத்துக்குப் போனேன். இருபத்திரண்டு வருஷம் நம் முற்றத்து மழைமானியைக் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதிய புத்தகங்கள், அவர் மௌத்தான பிறகு நாலு வருஷமாக நானும் ஒரு நாள் தவறாமல் எழுதுகிறேன். புறப்படும்போது அழகம்மா வாசலுக்கு வந்து, ஒங்க புஸ்தகத்ததான் நம்பி இருக்கோம் அக்கா, போயிட்டு நல்ல சேதியோட வாங்க என்றாள். அங்கே இருந்த அலுவலர் மரியாதையாகத்தான் உட்காரக் கதிரை போட்டார், பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்து, கண்டிக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்து, இங்க பாருங்க அம்மா, கண்டிக்குப் பெஞ்ச அதே மழை உங்களுக்கும் பெஞ்சிருக்கு, உங்க புத்தகமே சொல்லுது என்றார்.

அது நானும் வாப்பாவும் ஹஜ்ஜுக்குப் போன வருஷத்துப் பக்கம். நாற்பது நாளும் உன் கையெழுத்து. நாற்பது நாளும், ஒரு புள்ளி பிசகாமல், ரேடியோவில் கண்டிக்குச் சொன்ன கணக்கு. இரண்டு ஊரில் எப்படி நாற்பது நாள் ஒரே அளவு பெய்யும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை, எனக்குப் பார்த்த உடனே விளங்கியது. நாங்கள் திரும்பி வந்த அன்று பதினெட்டு மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கிறாய். அன்று ஹாஜிமாரைப் பார்க்க வந்த சனத்துக்குச் சமைக்கக் கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மாமா குண்டசாலையிலிருந்து பீப்பாயில் கொண்டுவந்தது உனக்கு ஞாபகம் இல்லையா? முற்றம் பத்தடி தூரம். பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பத்தடி நடக்க முடியவில்லையா? ஒருவேளை பார்த்துத்தான் இருந்தாயோ, எல்லா நாளும் பூச்சியம் எழுதினால் பார்க்காமல் எழுதினாய் என்று வாப்பா நினைப்பார் என்று பயந்தாயோ, அதை நீதான் சொல்ல வேண்டும்.

பக்கத்தின் அடியில் சரிபார்த்தேன் என்று வாப்பா கையெழுத்து வைத்திருக்கிறார். அவர் எதையும் சரிபார்க்கவில்லை மகன், நீ எழுதினாய் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. இது என் மகனின் பொய் என்று அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லாமல் புத்தகத்தை மூடிக்கொண்டு எழும்பி வந்தேன். உன் மானத்துக்காக முப்பத்தாறு வீட்டுத் தண்ணீரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அலுவலகத்தின் மேல் இருக்கும் கோபத்தைவிட என் மேல் இருக்கும் கோபம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அழகம்மா கேட்டபோது, பாக்கிறோம் என்டு சொன்னாங்க என்று நானும் ஒரு பொய் சொன்னேன்.

திங்கட்கிழமை மறுபடி போகிறேன். அதற்கு முன் நடந்ததை உன் கையால் எழுதி, உன் பெயர் போட்டு, கையெழுத்து வைத்து, படம் எடுத்து அனுப்பு. வெட்கம் என்று சாட்டுச் சொல்லாதே, நீ அனுப்பாவிட்டால் நானே வாயைத் திறப்பேன், இந்த முறை எழும்பி வரமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான நாக்கையும் தரட்டும். இன்று காலையும் எட்டரைக்குப் பார்த்தேன், பூச்சியம். பூச்சியம் என்று எழுத எவ்வளவு நேரம் எடுக்கும், மகன்?

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் உம்மா
ரபீகா முனாப்