மனைக்கட்டில் ஒரு மாங்கன்று

18-6-1972
வேலை இல்லாத நாள். மேட்டூர் திறந்தாயிற்று என்கிறார்கள். எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. சும்மா இருந்த நேரத்தில் கொல்லையில் ஒரு மாங்கன்று நட்டேன். கீழ்வேளூரில் ஜெகபர் அலி பாயின் பழக்கடைக்குப் பின்னால் குப்பையில் தானாக முளைத்தது. "எடுத்துக்கம்மா, ஆடு திங்கறதுக்குப் பதிலா நீ வளக்கலாம்" என்றார். செம்பு நிறத்தில் நாலு இலை. என்ன அழகு!

பிறந்ததிலிருந்து அவரை, கத்தரி, பரங்கி தவிர வேறு எதையும் நான் நட்டதில்லை. எங்கள் தெருவில் யாருமே நட்டதில்லை. பண்ணையின் மனைக்கட்டில் குடியிருப்பவர்கள் மரம் வைக்கக் கூடாது. வைத்தால் மனை எங்களுடையது என்று பேச்சு வந்துவிடுமாம். காய்த்து ஓய்ந்துபோகிற கொடி என்றால் சரி. இப்போது சர்க்கார் மனைக்குப் பட்டா கொடுத்திருக்கிறது. தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று. நம்பிக்கைதான் இன்னும் வரவில்லை.

19-6-1972
கன்றுக்கு மூன்று தடவை தண்ணீர் ஊற்றினேன். ஒரு தடவையே அதிகம். என்ன செய்ய, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

27-6-1972
ஐயோ, காலையில் பார்த்தால் கன்று வேரோடு வேலியோரம் கிடக்கிறது! ஆடா? ஆடு என்றால் தின்றிருக்குமே. என் வீட்டுக்காரர் அரசப்பன் பல் விளக்கிக்கொண்டே சொல்கிறார்: "அதுவா? களை பறிச்சேன். மாங்கன்னு ஒண்ணு முளைச்சிருந்துச்சு, பிடுங்கிப் போட்டேன்."

சண்டைதான். "விவசாய சங்கத்துக் கொடியப் பிடிச்சுக்கிட்டு போலீசு முன்னாடி நெஞ்ச நிமித்துறீங்க. ஒரு மாங்கன்னு உங்கள என்ன பண்ணுச்சு?"

வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். பிறகு மெல்லச் சொன்னார். பரங்கிக் கொடிக்கு நடுவே மரக்கன்று தெரிந்தால், பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரர் கண்ணில் படுவதற்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று சின்ன வயதிலேயே அப்பா பழக்கிவிட்டாராம். "கை தானா போயிருச்சு வேம்பு" என்றார். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிக்குப் பழைய சோற்றோடு ஊறுகாய் வைக்கவில்லை.

நல்லவேளை, வேரில் கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய பானையில் மண் போட்டு ஊன்றி, நிழலில் வைத்தேன்.

9-7-1972
துளிர்! துளிர் விட்டுவிட்டது! நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டு அம்சம் பாம்பு என்று நினைத்துக் கழியோடு ஓடிவந்தாள்.

23-7-1972
இன்று மாட்டிக்கொண்டது நான்.

"அதான் பிழைச்சிருச்சே, இன்னும் எதுக்குப் பானையில வச்சிருக்க?" என்று அரசப்பன் கேட்டார்.

"மனைய விட்டுப் போகச் சொன்னா தூக்கிட்டுப் போயிடலாம்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இந்த மனுஷனையா அன்றைக்கு அந்தப் பேச்சுப் பேசினேன்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் நீர் முட்டும்வரை. பானையை அவரே உடைத்தார். கொல்லையில் வேண்டாம், எல்லாரும் பார்க்கிற மாதிரி வாசலில் வைப்போம் என்றார். வைத்தோம்.

2-8-1972
பதினெட்டாம் பெருக்கு. வெல்லம் கலந்த காப்பரிசியில் கன்றுக்கும் ஒரு பிடி வைத்தேன். எறும்புகளுக்குக் கொண்டாட்டம்.

11-8-1972
காரியக்காரர் குஞ்சிதபாதம் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். "யாரக் கேட்டு மரம் வச்சீங்க? பண்ணை ஐயா கோர்ட்டுக்குப் போகப் போறாங்க. எடுத்துடுங்க."

இவரைக் கண்டால் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும் தெரு இது. அரசப்பன் இறக்கவில்லை. "பட்டா இருக்குங்க" என்றார். குரல் நடுங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

காரியக்காரர் குனிந்து பார்த்தார். "கொட்டைக் கன்னா? காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகுமே."

"ஆகட்டுங்க. நாங்க இங்கதான இருக்கப்போறோம்" என்றேன். நானா பேசினேன்?

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் கன்றுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்க இருக்க நெஞ்சுப் படபடப்பு அடங்கிற்று. பிறகு வந்தது பார் ஒரு சந்தோஷம், இந்த வயதுவரை நான் அறியாதது.

30-9-1972
அம்சம் தன் வீட்டில் முருங்கைக் கிளை வெட்டிப் போத்து ஊன்றியிருக்கிறாள். என்னைவிட நல்ல இடமாகப் பிடித்துவிட்டாள், கள்ளி.

14-5-1973
கூரை மாற்றினோம். கன்று என் இடுப்புக்கு வந்துவிட்டது. கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்துக்கு நேர் கீழே நிற்கிறது, விட்டால் தலை இடிக்கும். "கன்னத் தள்ளி நட்டுக்கலாங்க" என்றேன். அரசப்பன் மேலே ஏறி, அந்தப் பக்கம் கூரையை ஒரு முழம் குறைத்து அறுத்தார். மழை வந்தால் வாசல்படியெல்லாம் சாரல் அடிக்கும். அடிக்கட்டும்.