கம்பெனி ஆளுக்கு ஊசி இல்லை

லுணுகலை,
11.02.2024

அன்புள்ள யசோதினி அக்காவுக்கு,

உங்கள் கிருஷாந்தி எழுதுவது. நீங்களும் மகளும் நலமாக இருக்க மாரியம்மன் துணை. ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தும் என் கல்யாணத்துக்கு வரவில்லையே, அந்தக் குறை தீராது. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் போன் பிடிப்பதில்லை. என் கல்யாண லீவு முடியாததால், அங்கே என்னோடு தரை துடைக்கும் ஸல்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடப் போகிறார்களாமே. எனக்கு இதுவரை அம்மை போட்டதில்லை. சிறுவயதில் லயமே அம்மையில் படுத்திருந்தபோது என்னை மட்டும் பசறையில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை உண்டான பிறகு அந்த ஊசி போடக் கூடாதாம். வீட்டுக்காரரும், "மொதல்ல ஊசியப் போட்டுக்க, பொறவு மத்தத பாப்போம்" என்கிறார். மேட்ரனிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் அக்கா.

அன்புத் தங்கை,
கிருஷாந்தி

பதுளை,
19.02.2024

அன்புத் தங்கைக்கு,

கோபிக்காதே, வார்டில் ஆள் இல்லை, லீவு தரவில்லை. மேட்ரனிடம் கேட்டேன். "தொடைக்கிற பிள்ளைங்க நம்ம ஆளுங்களா? கிளீனிங் கம்பெனி ஆளுங்க. கம்பெனிதான் போடணும்" என்கிறார். டாக்டர்களுக்கும் நர்ஸ்மாருக்கும் போட்டாகிவிட்டது.

கம்பெனியில் கேட்டுப் பார். இல்லாவிட்டாலும் பயப்படாதே. அம்மை நோயாளி வந்தால் அந்தத் தனியறைப் பக்கம் உன்னை அனுப்பமாட்டேன். வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் நான் இருக்கிறேன் அல்லவா.

அக்கா,
யசோதினி

லுணுகலை,
05.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு அம்மை போட்டிருக்கிறது. முகம், முதுகு, வயிறு எல்லாம் கொப்புளம். இது ஒன்பதாம் மாதம். ஊசி கேட்டதற்குக் கம்பெனியில் சிரித்தார்கள், அதோடு சரி.

போன மாதம் அந்தத் தனியறையில் அம்மை நோயாளி வாந்தி எடுத்த அன்று, "எனக்குப் பயமா இருக்குக்கா" என்றேன். "அஞ்சு நிமிசம்டி, தொடச்சிட்டு வந்துரு, டாக்டர் வர்ற நேரம்" என்றீர்கள். குறை சொல்ல எழுதவில்லை. உங்களுக்கும் வேறு ஆள் இருந்திருக்காது.

அம்மா வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறாள். பிள்ளை பிறக்கும் நேரத்தில் அம்மை வந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்று ஸல்மா சொல்கிறாள். உண்மையா அக்கா? டாக்டரிடம் கேட்டு அவள் கையிலேயே பதில் கொடுத்தனுப்புங்கள்.

கிருஷாந்தி

பதுளை,
09.02.2025

அன்பு கிருஷாந்திக்கு,

உன் கடிதம் வந்தபோது வேலை அதிகம், பதில் எழுத முடியவில்லை. குழந்தைக்கும் அம்மை போட்டு இறந்துவிட்டதாக ஸல்மா சொன்னாள். மனதைத் தேற்றிக்கொள். உனக்கு வயதிருக்கிறது.

ஒரு விஷயம். உனக்கு எங்கே தொற்றியது என்று இங்கே விசாரிக்கப் போகிறார்கள். லயத்தில் என்று சொல்லிவிடு. அடுத்த மேட்ரன் நான்தான் என்று பேச்சிருக்கிறது. உன் வேலை போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒருமுறை வந்துவிட்டதால் இனி உனக்கு அந்த ஊசியே தேவையில்லை. எந்த அறைக்கும் தைரியமாகப் போகலாம்.

உன் நலம் விரும்பும்,
அக்கா

லுணுகலை,
02.03.2025

யசோதினி மிஸ்ஸுக்கு,

விசாரணையில் நான் பொய் சொல்லவில்லை. நீங்கள்தான் என்னை அனுப்பினீர்கள் என்றேன். கேட்டவர் பேனாவை மூடிவிட்டு, "அத ஒங்க கம்பெனியில போய்ச் சொல்லுங்க" என்றார். ஆகவே நீங்கள் பயப்பட வேண்டாம். மேட்ரன் ஆகிவிடுவீர்கள்.

பெண் குழந்தை. நீங்கள் கேட்கவில்லை.

வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் வேலை குறைந்துவிட்டது. திங்கட்கிழமை நான் வேலைக்கு வருகிறேன். உங்கள் வார்டுதான் கிடைத்திருக்கிறது. எதைத் துடைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் பேச வேண்டாம்.

கிருஷாந்தி