ராணியின் வாயில் விட்ட கை

அக்கா,

இன்று காலை கோலம் போட வெளியே வந்தேன். வாசலில் படுத்திருந்த நாயின் முதுகில் ரோஸ் நிறச் சாயம் தீற்றியிருந்தது. எந்தப் பையனோ விஷமம் செய்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் எதிர் வீட்டு நாய்க்கும் அதே சாயம், ரேஷன் கடை வாசலில் நொண்டிக்கொண்டு திரியுமே, அதற்கும் அதே சாயம். நேற்று மாநகராட்சி வண்டி வந்து நாய்களை வலை போட்டுப் பிடித்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, போட்டதற்கு அடையாளமாகச் சாயம் பூசி, பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனதாம்.

நல்ல காரியம்தான். தெருநாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் தாவுவதற்கு இடமில்லாமல் அடங்கிவிடும் என்று அந்த மாட்டு டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார். ஆனால் எனக்கு வந்தது எரிச்சல். இந்த வண்டி அந்த வருஷமே திருவொற்றியூரில் இந்தத் தெருவுக்கு வந்திருந்தால் உன் செவலைப் பசு ராணி செத்திருக்காது. என் மகளின் உயிருக்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைமையும் எனக்கு வந்திருக்காது. நீ செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்மேல் எனக்கு இருக்கிற பொறாமை இன்னும் சாகவில்லை.

நான் இந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகளாக வந்து கொஞ்ச நாளிலேயே கீர்த்தி பிறந்தாள். மூத்த மருமகளான உனக்குக் குழந்தை இல்லை. நீ எப்போது என்னைப் பார்த்து வயிறெரியப் போகிறாய் என்று தெருவே காத்திருந்தது. ராயபுரத்திலிருந்து வரும்போதெல்லாம் என் அம்மா, குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டைப் பெரிதாக வை என்று காதோடு சொல்லிவிட்டுப் போவாள். வயிறெரியப் போவது நான் என்று ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால், ரயில்வே சுவரை ஒட்டி மாட்டுக் கொட்டாய். அங்கே எல்லாம் நீதான். நான் சொம்பை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் ராணி ஒரு பொட்டுப் பால் இறக்காது. நீ வந்து அதன் கழுத்தைச் சொறிந்து, "இன்னாடி ராணி, அதுவும் நம்ம வூட்டுப் பொண்ணுதாண்டி" என்றால் உடனே இறக்கிவிடும். ஒரு மாட்டிடம்கூட எனக்கு உன் சிபாரிசு தேவைப்பட்டது. காலையில் தூக்கோடு வரிசையில் நிற்கிறவர்களும் அப்படித்தான். நான் அளந்து ஊற்றினால் தூக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா இல்லியா?" என்பார்கள். நான் தண்ணீரா கலந்துவிட்டேன்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கீர்த்தி விஷயத்தில்தான் என்னால் முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் பையைத் திண்டில் எறிந்துவிட்டு நேரே கொட்டாய்க்கு ஓடுவாள். புண்ணாக்கு ஊறவைப்பதும், கழனித் தண்ணீர் வைப்பதும், உன் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொள்வதும், அங்கேயே உன் மடியில் தூங்கிப்போவதும். நான் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தால் தூக்கத்தில் "பெரிம்மா" என்பாள். பெற்றவள் நான். தூக்கத்தில் வருகிற பெயர் உன்னுடையது.

அவள் ஆறாம் வகுப்புக்குப் போனதும் சட்டம் போட்டேன். இனிமேல் கொட்டாய்ப் பக்கம் போகக் கூடாது, பள்ளிக்கூடம் விட்டால் டியூஷன். தலையெல்லாம் சாணி வாடை, படிப்பு கெடுகிறது என்றேன். நீ சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்து, அதற்கான பதில்களையும் தயாராக வைத்திருந்தேன். நீ என்னடாவென்றால், "படிக்கட்டும்மே, அதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு மாட்டைக் குளிப்பாட்டப் போய்விட்டாய். என் பதில்கள் எல்லாம் வீணாயின. இந்தச் சட்டத்துக்காக இப்போது மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மறுபடி அந்த வயதும் அந்த வீடும் கிடைத்தால் மறுபடியும் போடுவேன்.

அந்த மாசிதான் ராணிக்கு உடம்பு கெட்டது. முதல்நாள் தவிட்டை முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. மறுநாள் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. குரல் அடைத்து, நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது. மார்க்கெட் குப்பையை மேய்கிற மாடுகளுக்கு இங்கே எல்லோருக்கும் தெரிந்த நோய் ஒன்றுதான். பக்கத்துத் தெரு மாட்டின் வயிற்றை அறுத்து, கூடை கூடையாகப் பிளாஸ்டிக் பையை எடுத்ததைப் பார்த்தவர்கள் நாம்.

"கவருதான் தொண்டைல மாட்டிக்கினு கீது. வேற இன்னா?" என்று சொல்லி நீ புடவையைத் தூக்கிச் செருகினாய். உன் வீட்டுக்காரர், என் பெரிய மாமா, தலையைப் பிடித்துக்கொள்ள, நீ ராணியின் வாய்க்குள் கையை முழங்கைவரை விட்டுத் துழாவினாய். எதுவும் சிக்கவில்லை. கை முழுக்க நுரையும் பல் கீறலுமாக வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாய். நான் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உடம்பு சரியில்லாதபோது இவள் இப்படித் துடித்தாளா என்று யோசித்தேன். துடித்தாய்தான். டைபாய்டு வந்தபோது கஞ்சி ஊட்டியதே நீதான். ஆனால் பொறாமைக்கு இந்தக் கணக்கெல்லாம் ஞாபகம் இருப்பதில்லை.

அடுத்த நாள் காலையில் அரசு கால்நடை மருந்தகத்திலிருந்து அந்த டாக்டரம்மா வந்தார். சின்னப் பெண். கொட்டாய் வாசலிலேயே நின்று ராணியைப் பார்த்தார். பின்கால் தள்ளாடியது, கண் நிலைகுத்தி இருந்தது.

"யாரும் கிட்ட போகாதீங்க. இதை நாய் எதாவது கடிச்சுதா?"

யாருக்கும் தெரியவில்லை. ரயில்வே கேட் பக்கம் போன மாதம் ஒரு வெறிநாய் சுற்றியதாகப் பேச்சு இருந்தது. ராணி அந்தப் பக்கம் மேயப் போகும்.

"தொண்டையில ஒண்ணும் சிக்கலைங்க. முழுங்க முடியாமத்தான் எச்சில் ஒழுகுது. வெறிநோய்னு சந்தேகமா இருக்கு. வாயில கை வெச்சது யாரு?"

"மாட்டுக்குக் கூடவா நாய் வெறி வரும்?" என்று பெரிய மாமா கேட்டார்.

"மாட்டுக்கும் வரும், ஆட்டுக்கும் வரும், நமக்கும் வரும். கடிக்கணும்னுகூட இல்லை. கையில கீறல் இருந்து அதுல எச்சில் பட்டாலே போதும். நோய் வெளியில தெரிஞ்சிட்டா அப்புறம் மருந்து கிடையாது. அதுக்கு முன்னாடி ஊசி போட்டுட்டா பயமே வேண்டாம்."

ராணி மறுநாள் மதியம் செத்தது. பரிசோதனைக்கு மாதிரி எடுத்தார்கள், வெறிநோய்தான் என்று உறுதியானது. தோலை உரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கையுறை போட்ட ஆட்கள் வந்து ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைக்கக்கூட உன்னை விடவில்லை. தள்ளி நின்று பூவை எறிந்துவிட்டு, தெருவென்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாய். மற்ற மாடுகளைத் தனித்தனியாகக் கட்டி அவற்றுக்கும் ஊசி ஆரம்பித்தார்கள். கொட்டாய் முழுக்கப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். பால் வாங்கியவர்கள் எல்லாம் கூட்டமாக வந்து கத்தினார்கள். டாக்டரம்மாதான் வாசலில் நின்று, காய்ச்சிக் குடித்தவர்களுக்குப் பயம் இல்லை, பச்சையாகக் குடித்தவர்கள் இருந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

நீயும் மாமாவும் ஊசிக்குப் போனீர்கள். அன்றைக்கு நான் கீர்த்தியை உட்கார வைத்துக் கேட்டேன். "நீ ராணிகிட்ட போனியா?"

"இல்லம்மா."

"தொட்டியா?"

"நீதான் போகக் கூடாதுன்னு சொல்லிட்டியேம்மா."

நம்பினேன். என் சட்டம்தான் என் பிள்ளையைக் காப்பாற்றியது என்று பெருமையாகக்கூட இருந்தது. உன் காதில் விழட்டும் என்று இரண்டு முறை சத்தமாகச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், நீ அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தாய். அவள் பள்ளிக்கூட உடுப்போடு விசும்பிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு. உங்கம்மாவாண்ட சொல்லு."

"சொல்ல மாட்டேன்னு சொன்னியே பெரிம்மா..."

"நான் அப்டி சொல்லவே இல்ல. சொல்லு."

நீ வாயில் கை விட்டு ஒன்றும் கிடைக்காத அன்றைக்கு, டியூஷனுக்குக் கிளம்பியவள் பின்பக்கமாகக் கொட்டாய்க்குப் போயிருக்கிறாள். பெரியம்மா கை பெரியது, அதனால்தான் அகப்படவில்லை, நம் கை சின்னது, உள்ளே வரைக்கும் போகும் என்று நினைத்திருக்கிறாள். ராணியின் வாயில் கையை விட்டிருக்கிறாள். விரலில் பென்சில் சீவும்போது பிளேடு கீறிய காயம். அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்து உன்னிடம் கொடுக்க வேண்டும், நீ அழக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

எனக்கு முதலில் பயம். அந்தப் பயம் முழுதாக இறங்குவதற்குள்ளேயே அதன் பின்னால் மற்றது வந்தது. உயிர் போகிற விஷயம், அதை என் மகள் என்னிடம் மறைத்தாள். நான் கேட்டபோது கண்ணைப் பார்த்து இல்லை என்றாள். உன்னிடம் தானாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். உன்மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம்போல எனக்கு யார்மேலும் வந்ததில்லை.

நீ அவளைப் பார்த்து, "போ, சோப்பு போட்டுக் கையக் கழுவிக்கினு, டிரஸ்ஸ மாத்திக்கினு வா" என்று அனுப்பினாய். அவள் உன்னை முறைத்துவிட்டுப் போனாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாய்.

"அது என்னாண்ட சொல்லிச்சுன்னா உன்னாண்ட பயந்துகினுதான்மே, வேற ஒண்ணும் இல்ல. என் அடுத்த ஊசிக்குப் போ சொல்லோ அதையும் கமுக்கமா இட்னு போயிருப்பேன், உனக்குத் தெரியவே தெரியாது. ஆனா ஊசி போட்ற சொல்லோ அது கைய நீதான் புடிக்கணும். நான் புடிச்சேன்னா உன் கொயந்தைய நான் திருடிக்கினா மாரி ஆய்டும்."

நான் பர்ஸைத் தேடினேன். நீயே எடுத்துக் கொடுத்தாய்.

பெரிய ஆஸ்பத்திரியில், அந்தப் பிஞ்சு விரலில், காயத்தைச் சுற்றி ஒரு மருந்தை ஏற்றினார்கள். தோளில் போட்ட தடுப்பூசி ஒன்றுமே இல்லை, இது உயிரை வாங்கும் வலி. "அம்மா" என்று கத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பெரிம்மா" என்று கத்தவில்லை. நான் அழுதுகொண்டே அதைக் கவனித்தேன். தலையைத் திருப்பினால், ஜன்னலுக்கு வெளியே இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் உன் பச்சைப் புடவை. நீ உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. திரும்பும்போது நீ வேறு பஸ்ஸில் வந்தாய்.

தேதி தவறாமல் எல்லா ஊசிக்கும் நானே கூட்டிப்போனேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள். உன்னிடம் பேசாமல் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். நீ காட்டிக்கொடுத்துவிட்டாயாம். வெறிநோய் ஊசி முடியப்போகிறதே என்று வருத்தப்பட்ட ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன்.

அது எத்தனை நாளைக்கு? அடுத்த கன்று பிறந்ததும் மறுபடி உன் மடிக்கே வந்துவிட்டாள். நீயும் மாறித்தான் போனாய். வருஷம் தவறாமல் மாடுகளுக்கு ஊசி. பால் வாங்க வருகிற ஒவ்வொருத்தரிடமும், "நாய் கீறுனாலும் சரி, பல்லு பட்டாலும் சரி, சோப்பு போட்டுக் கால் மணி நேரம் தண்ணியில கழுவு. மஞ்சளு, சுண்ணாம்புன்னு ஒண்ணும் வெச்சிக்காத. ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று பாடம். மாடு எதுவாவது எச்சில் ஒழுக நின்றால் கிட்டே போகாமல் டாக்டரம்மாவுக்குப் போன் போடுவாய். தெருவும் கேட்டது. இதையே நான் சொன்னபோது எல்லோரும் தலையாட்டிவிட்டு, "அக்காவும் அதான் சொன்னாங்க" என்றார்கள்.

உன் இருதயம் நின்றுபோன அன்று வீடு கொள்ளாத கூட்டம். கீர்த்தி உன் கால்மாட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. மணலியிலிருந்து வந்த உன் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி அவள் தலையைத் தடவி, "இவங்க பொண்ணாம்மா நீ?" என்று கேட்டாள். கீர்த்தி ஆமாம் என்றாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். உன் பேச்சு வந்தால் சிரித்துக்கொண்டே, "ஆயிரம் இருந்தாலும் பெரிம்மா அன்னிக்கு என்னைப் போட்டுக் குடுத்துட்டாங்கம்மா" என்பாள். நீ ஏன் சொன்னாய் என்று அவளுக்குத் தெரியாது. கை கழுவப் போயிருந்தாளே. சமையல்கட்டில் நீ சொன்னதை நான் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் எனக்கென்று கொஞ்சநஞ்சம் மீதியிருக்கிற அவளும் முழுசாக உன் பக்கம் போய்விடுவாள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, காரணம் அது இல்லை. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் யாருக்கும் சொல்லாமல் நானே கூட்டிப்போய் ஊசி போட்டு, அந்தப் பிள்ளையை எனக்காக்கிக்கொண்டிருப்பேன். அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாய். கீர்த்தியிடம் உன்னுடையது எவ்வளவோ இருக்கிறது. உன் மடி, உன் முந்தானை, உன் மாடுகள், மாடுகளைக் கூப்பிடுகிற உன் குரல்கூட. நீ எனக்கென்று மட்டும் சொன்னது அது ஒன்றுதான் அக்கா. அதை நான் அவளுக்குத் தர மாட்டேன்.