அஞ்சலையின் ஊசிகளும் நான் ஒளித்த தாள்களும்

என் அஞ்சலைக் கண்ணே,

நீ போய் நாற்பது நாள் ஆகப்போகிறது. விடுதியில் உன் கட்டிலில் இப்போது இரண்டாம் வருஷத்துப் பெண் ஒருத்தி படுக்கிறாள். உன்னிடம் சொல்லாத ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஹாங்காங்கில் அக்குபங்சர் என்ற சீன ஊசி வைத்தியம் கற்றுவந்த டாக்டர் நம் காலேஜில் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தபோது எப்படிச் சிரித்தோம்! "நம்மகூட சண்ட போட்டவன் வைத்தியம் நமக்கு இன்னாத்துக்கு?" என்றார்கள் பையன்கள். "பரீட்சையில வராததப் படிச்சு என்ன லாபம்?" என்றேன் நான். கடப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண் நீ மட்டும் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். உன்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

பரீட்சையில் எப்போதும் நான்தான் முதல். எனக்கு எதற்குப் பொறாமை? ஆனால் ஒரு ஞாயிறு உன்னைக் கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போனேனே, அங்கே ஆரம்பித்தது. அம்மாவின் வலித்த முட்டியில் ஊசி செருகினாய். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து நடந்தாள். அடுத்த வாரம் நான் தனியாகப் போனேன். வாசலிலேயே கேட்டாள்: "அந்தப் பொண்ணு வரலியா?"

"நானும் டாக்டருக்குத்தாம்மா படிக்கிறேன்."

"படிக்கிற. அது தொட்டாத்தான் வலி அடங்குது."

பெற்றவள் வாயால் இதைக் கேட்டால் எப்படி இருக்கும், சொல்?

ஊசி வகுப்பைத் தொடரலாமா என்று மாணவர்களிடம் எழுதி வாங்கச் சொன்னார்கள். வாங்கியது மாணவர் தலைவியான நான். 'வேண்டும்' என்றிருந்த தாள்களில் பாதியை என் டிரங்குப் பெட்டியில் ஒளித்தேன். வகுப்பு நின்றது. "யாருக்கும் இஷ்டமில்லபோல கீது, அக்கா" என்று என் தோளில்தான் சாய்ந்து அழுதாய். தெரிந்தேதான் சாய்ந்தாயா?

பிறகு மூன்றே நாள் மூளைக்காய்ச்சல். நீ போன செய்தி கேட்டு அம்மா தரையில் விழுந்து அழுதாள். எனக்காக இப்படி அழுவாளா என்றுதான் அப்போதும் தோன்றியது. அந்த நினைப்புக்குப் பிறகு என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மறுவாரம் தாள்களைக் கொண்டுபோய் முதல்வர் மேசையில் வைத்தேன். தலைவி பதவி போயிற்று. பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. வகுப்பு திரும்ப நடக்கிறது. நேற்று நானும் ஊசி பிடித்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "அஞ்சலைக்குக் கை லேசா இருக்கும்" என்றார். வயிறு எரிந்தது.

எரியட்டும். இனி யார் உன் பெயரை எடுத்தாலும் எரியத்தான் போகிறது. ஆனால் பேச்சை மாற்ற மாட்டேன்டி. உட்கார்ந்து முழுசாகக் கேட்பேன். இது சத்தியம்.

ஒரு வயது மூத்தவள் என்பதற்காக நீ அக்கா என்று கூப்பிட்ட,
கோமதி