எங்கள் வீட்டில் தலைக்கு எவ்வளவு கரி

மார்ச் 5, 2012, திங்கள்

மிக்சியை இன்று லாஃப்டில் ஏற்றிவிட்டார்.

இவர் சிதம்பரத்தில் பிசிக்ஸ் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் மன்றமும் இவர் பொறுப்பு. போன சனிக்கிழமை சென்னையில் ஏதோ பயிற்சி என்று போனவர் ஒரு சிடியோடு திரும்பி வந்தார். அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் கேள்வியாகக் கேட்கிறது. கரண்ட் எவ்வளவு, கேஸ் எவ்வளவு, வண்டி எவ்வளவு, விமானத்தில் போனீர்களா. எல்லாம் சொன்னால் வருஷத்துக்கு நம் வீடு எத்தனை கிலோ கரியைக் காற்றில் விடுகிறது, ஆளுக்கு எவ்வளவு என்று கூட்டிக் கழித்துச் சொல்கிறது. குளிர்காலத்தில் எத்தனை மாதம் வீட்டுக்குள் ஹீட்டர் போடுகிறீர்கள் என்றும் கேட்டது. எங்கள் கடலூரில் ஹீட்டர். மே மாதம் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா?

"அம்மி சும்மாதான கெடக்குது ராணி. அரைச்சா ஒடம்புக்கும் நல்லது" என்றார்.

"யார் ஒடம்புக்கு?"

தெருமுனைக் கடைக்கு டீ குடிக்க வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 9, வெள்ளி

எட்டு மணி நேரம் கரண்ட் இல்லை. புதுப்பாளையமே அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறது. இவர் மட்டும் மாப்பிள்ளை மாதிரி சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறார்.

அந்தச் சிடியில் மரங்களுக்கும் ஒரு கட்டம் இருக்கிறதாம். மரம் இருந்தால் கரியில் கழித்துக்கொள்ளலாம். தானே புயலில் விழுந்த மாமரத்தை இன்னும் கணக்கில் வைத்திருக்கிறார். வேர் இருக்கிறதாம்.

மார்ச் 20, செவ்வாய்

கடலோர அறிவியல் நண்பர் மன்றம் என்று ஒன்று, 'பசுமைக் குடும்பம்' போட்டி வைக்கிறது. தலைக்குக் கரி குறைந்த வீட்டுக்குக் கேடயம். இவருக்கு அந்தக் கேடயத்தின் மேல் கண். ராத்திரியே படிவத்தை நிரப்பிவிட்டார்.

வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் நாலு என்று இருந்தது. நாம ரெண்டு பேர்தானே என்றேன். ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார். அதில் நாலு பெயர். இவர், நான், கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிற பிரிசில்லா, மூன்று வருஷத்துக்கு முன் காலமான என் மாமனார் தேவசகாயம். கார்டில் பெயர் நீக்க இவர் இன்னும் போகவில்லை, போகப்போவதும் இல்லை.

ஆக, எங்கள் வீட்டு சிலிண்டரில் மாமனாருக்கும் கால் பங்கு.

ஏப்ரல் 10, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கருவூலத்தில் நேர்காணல் தொடங்கிவிட்டது. பென்ஷன்காரர்கள் எல்லோரும் நேரில் வந்து தாங்கள் உயிரோடு இருப்பதை என்னிடம் காட்டிவிட்டுப் போக வேண்டும். சௌந்தரம் டீச்சரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். "நான் இருக்கேன்னு போட்டுக்கம்மா" என்றார். போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் மாமனார் படம் சுவரில் தொங்குகிறது. அவரை யாரும் நேரில் வரச் சொல்லவில்லை.

ஏப்ரல் 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பிரிசில்லா போன். ஐந்தாம் மாதம் முடியப் போகிறது. நல்லா இருக்கேன் என்றாள், குரல் நல்லா இல்லை. மாப்பிள்ளை செம்பியனுக்கு ஷிப்ட் வேலை. பகல் முழுக்க அவள் தனியாக இருக்கிறாள். "எப்பம்மா கூப்புடுவீங்க?" என்று கேட்டாள்.

தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பெண்ணைப் பெற்றவன் கூப்பிட்டால்தான் அவள் வரலாம். அப்பா கூப்பிடாமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? எட்டாம் மாதத்துக்கு மேல் போனால் விமானத்தில் ஏற்றவும் யோசிப்பார்களாம்.

போனை இவரிடம் கொடுத்தேன். ஒடம்பைப் பாத்துக்கோம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்புறம் கம்ப்யூட்டரைப் போட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் வந்து போனால் இவ்வளவு, நான் போய்வந்தால் இவ்வளவு. "ஒரு பிளைட்டுல நம்ம ஒரு வருஷ சேமிப்பு மொத்தமும் போயிடுது பாரு."

"யாரும் போவாம, யாரும் வராம இருந்தா?"

"சைபர்" என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

ஏப்ரல் 23, திங்கள்

நான் அரைக்கவில்லை. ஓட்டல் இட்லி.

மே 6, ஞாயிறு

அங்க ஆஸ்பத்திரி நம்ம ஊரை விட நல்லா இருக்குமாம். அதனால அவ அங்கயே பெத்துக்கட்டுமாம். ஆஸ்பத்திரியா ராத்திரி எழுந்து கசாயம் வெச்சுக் குடுக்கும்? ஆஸ்பத்திரியா வயித்துக்குத் துணி கட்டி விடும்? எனக்கு மூணு மாசம் லீவு கேட்டா நேர்காணல் நேரத்துல எவன் குடுப்பான்? இந்த மனுஷன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, வாம்மான்னு சொன்னா என்ன கொறைஞ்சுடும்? கேடயம் கொறைஞ்சுடும்.

என் பிள்ளையை ஒரு கேடயத்துக்காக அங்கேயே விட்டுவிடப் பார்க்கிறார். இதை எழுதிவிட்டேன், அழிக்க மாட்டேன்.

மே 19, சனி

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

போட்டி மன்றத்திலிருந்து வீடு பார்க்க வந்தார்கள். மணவாளன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், கூட ஒரு பெண். இவர் கழுவித் துடைத்த முகத்தோடு அம்மியைக் காட்டினார், கொல்லையில் மாமர வேரைக் காட்டினார். பேராசிரியர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "நாலு பேருன்னு போட்டிருக்கீங்களே சார், மத்த ரெண்டு பேர் எங்க?" என்றார்.

இவருக்கு வேர்த்துவிட்டது. மின்விசிறியை வேறு நிறுத்தி வைத்திருந்தார்.

"அப்பா… வெளிய போயிருக்காரு."

"எங்க?"

"வடலூருக்கு."

பிறந்ததிலிருந்து மாதா கோயிலைத் தவிர வேறெங்கும் போகாத மனிதர், செத்து மூன்று வருஷம் கழித்து வடலூர் போயிருக்கிறார். பேராசிரியர் தலையை நிமிர்த்தினார். நேர் எதிரே மாமனார் படம், பிளாஸ்டிக் மாலை, இரவும் பகலும் எரிகிற சிவப்பு பல்பு, கீழே தோற்றம், மறைவு. கண்ணாடியை ஏற்றிவிட்டு மறைவைப் படித்தார். கூட வந்த பெண் இருமினார்.

"இறந்தவங்களைச் சேக்கலாம்னு விதியில எதுவும் இல்லைங்க" என்று மெதுவாகச் சொன்னார். "பொண்ணு?"

இவர் வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன். "பொண்ணு மஸ்கட்ல இருக்குதுங்க. தலைப்பிரசவத்துக்கு வரப்போவுது. கூப்புடுறதுக்கு அவுங்க அப்பா நல்ல நாள் பாத்துக்கிட்டு இருக்காரு."

"அப்படியா சார்? சந்தோஷம். வந்து தங்கிட்டாங்கன்னா மூணு பேருன்னு எழுதிக்கிறோம். இல்லன்னா ரெண்டுதான். அடுத்த மாசம் ஒருதடவை வந்து பாத்துக்கிறோம்."

இவர் என்னைப் பார்த்தார். நான் காபி எடுக்கப் போய்விட்டேன்.

மே 20, ஞாயிறு

காலையிலேயே மாப்பிள்ளைக்கு இவரே போன் போட்டார். "மாப்ள, வர்ற வாரம் நாங்க பொடவை, வளையல் எல்லாம் அனுப்பி வெக்கிறோம். பிரிசில்லாவ சீக்கிரமா அனுப்பி வைங்க. தலைப்பிரசவம் எங்க வீட்டுலதான் நடக்கணும். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

மொறையாம்.

விமானக் கரியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அது ஏறுகிற ஊர்க் கணக்காம். மஸ்கட் பார்த்துக்கொள்ளுமாம்.

சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே போனதும் அழுகையும் வந்துவிட்டது. என் பிள்ளை வரப் போகிறது. எந்தக் கணக்கில் வந்தால் என்ன?

ஜூன் 9, சனி

வந்துவிட்டாள். சென்னையிலிருந்து ஏசி கார். அதுவும் மஸ்கட் கணக்கா என்று கேட்க நினைத்தேன். அவள் கால் வீங்கியிருந்தது, கேட்கவில்லை. மிக்சி லாஃப்டிலிருந்து இறங்கிவிட்டது. இவரேதான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார்.

ஜூன் 24, ஞாயிறு

மஞ்சக்குப்பத்தில் பரிசளிப்பு. எங்களுக்கு ஆறாவது இடம். முதல் பரிசு பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டுக்கு. கார்டில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் துபாய், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். வீடு நாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. கரண்ட் இல்லை, கேஸ் இல்லை, வண்டி இல்லை, கொல்லையில் ஏழு தென்னை. ஆள் இல்லாத வீட்டை நேரில் வந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காரர் கேடயம் வாங்குவதற்காகவே துபாயிலிருந்து பறந்து வந்திருந்தார். இவரும் கை தட்டினார். வேறு என்ன செய்வது?

ஆகஸ்ட் 7, செவ்வாய்

பெண் குழந்தை. இலக்கியா. தாயும் சேயும் நலம். கர்த்தருக்கு நன்றி.

செப்டம்பர் 2, ஞாயிறு

கரண்ட் போனால் குழந்தை வீறிடுகிறது. இன்வர்ட்டர் வந்தது. அது தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்திருக்கிறார். புகை நம் ஜன்னலுக்குத்தான் வருகிறது. வெந்நீருக்கு ஹீட்டர், துணி காய அயர்ன் பாக்ஸ். உங்கள் கணக்கு என்ன ஆயிற்று என்றேன். பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது பொருத்தமான கருவி இல்லையாம். விஞ்ஞானிகள் இன்னும் மேம்படுத்த வேண்டுமாம்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஏதோ பாடுகிறார்.

நவம்பர் 18, ஞாயிறு

பிரிசில்லாவும் குழந்தையும் போய்விட்டார்கள். விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் மறைந்த பிறகும் இவர் நகரவில்லை. போலீஸ்காரர் வந்து வழி விடச் சொன்னார். திண்டிவனத்தில் டீ குடிக்க வண்டி நின்றபோதும் இறங்கவில்லை.

நவம்பர் 27, செவ்வாய்

வீட்டில் கரண்ட் எட்டு மணி நேரம் இல்லை. யாரும் அழவில்லை.

டிசம்பர் 14, வெள்ளி

ஆபீஸிலிருந்து வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் இரண்டு பாஸ்போர்ட் விண்ணப்பம். ஒன்றில் என் பெயரை அவரே எழுதியிருந்தார். பழைய வியாதி திரும்பிவிட்டதோ என்று பயந்து திரையை எட்டிப் பார்த்தேன். விமானப் படம் போட்ட ஏதோ பக்கம். தேதியை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தார்.

"எது கொறைவுன்னு பாக்குறீங்க?" என்றேன்.

"ஏப்ரல்ல டிக்கெட் கொறைவு. அதுக்குள்ள புள்ள தவழ ஆரம்பிச்சுடும், ராணி" என்றார். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னார்.