ஹார்ன்பிரிட்ஜும் என் பாதி மீசையும்

ஜனவரி 12, திங்கள்

நல்ல குளிர். போர்வையை விட்டு எழ மனமில்லை. டிராமில் கூட்டம். பசுந்தாங்கிலிருந்து அச்சகம் வரை நின்றபடியே.

சீமைத் தந்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. ஹார்ன்பிரிட்ஜ் 0, எதிராளி 5. ஐந்து! கோல்கீப்பர் தூங்கினானா, இல்லை வீட்டிலேயே இருந்துவிட்டானா? தந்தி சொல்லாது. தந்தியில் எண் மட்டும்தான். காரணம் கப்பலில் வரும், மூன்று நாலு வாரம் கழித்து.

இந்த இங்கிலீஷ் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் அச்சுக் கோப்பது என் வேலை. சீமைக் கால்பந்தில் முதல் டிவிஷன் பட்டியலை மட்டும் கலைப்பதில்லை. கிளப்புக்கு ஒரு வரி, ஈய எழுத்தில் அப்படியே நிற்கும். திங்களுக்குத் திங்கள் எண்ணை மாற்றி, ஜெயித்தவனை மேலே, தோற்றவனைக் கீழே நகர்த்தினால் போதும். ஆக, ஹார்ன்பிரிட்ஜை இத்தனை நாளாகக் கீழே தள்ளிக்கொண்டிருப்பது இந்தக் கைதான்.

சீசன் முடியும்போது கடைசி இரண்டு கிளப்பும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். இரண்டாம் டிவிஷனை எங்கள் பத்திரிகை போடுவதே இல்லை. இறங்கினால் அந்த வரியை உடைத்து எழுத்துப் பெட்டியில் கொட்ட வேண்டியதுதான். அப்புறம் ரங்கூனைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஊரே கிடையாது.

விடமாட்டேன்.

(ஏன் இந்தக் கிளப் என்று என் சம்சாரம் அன்னம் நேற்றும் கேட்டாள். வேலை கேட்டு வந்த அன்று மேஸ்திரி நாயுடு சோதனைக்குக் கொடுத்த வரி அது. ஒரு பிழை இல்லை, அன்றே வேலை. நன்றி வேண்டாமா மனிதனுக்கு?)

மத்தியானம் நாயுடு வம்புக்கு இழுத்தார்.

"உன் ஆளுங்க இந்த வருஷம் மூட்டை கட்ட வேண்டியதுதான், சம்முகம்."

"கட்ட மாட்டாங்க, மேஸ்திரி. கட்டினா என் மீசையில பாதியை எடுத்துடறேன்."

சொல்லியாகிவிட்டது. நாயுடுவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. கிளப் தங்கினால் அவர் மீசையில் பாதி என்றார். அது சாதாரண மீசை இல்லை. அதற்கென்று தனி எண்ணெய் வாங்குகிறார். மெஷின் ஓட்டும் கோ தெயின் பர்மாக்காரன், ஆனால் எங்களோடு பழகித் தமிழ் சரளம். மெஷினை நிறுத்திவிட்டு வந்து சாட்சி நின்றான்.

"அண்ணே, ரெண்டு பாதியும் போனா ஒரு முழு மீசை. எனக்குக் குடுத்துடுங்க. எனக்கு வளரவே மாட்டேங்குது."

பிப்ரவரி 6, வெள்ளி

கப்பல் வந்தது. ஆசிரியர் துரை படித்து முடித்த சீமைப் பத்திரிகைகள் சாயங்காலம் எங்கள் மேஜைக்கு. எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடும், அர்த்தம் நொண்டும். நாயுடு படித்துச் சொன்னார்.

அந்த ஐந்து கோலுக்குக் காரணம்: டைரக்டர்களுக்குள் சண்டை. சண்டையில் கேப்டனை வேறு கிளப்புக்கு விற்றுவிட்டார்கள், சீசன் நடுவில்! மானேஜர் கோபித்துக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாராம். ஜனங்கள் டைரக்டர்கள் காரின் மேல் சேற்றை வாரி எறிந்தார்களாம். சரியான காரியம். நான் அங்கே இருந்தால் நானும் எறிந்திருப்பேன். தலையை விற்றுவிட்டு உடம்பை ஓடச் சொன்னால் எப்படி ஓடும்?

வயிறு எரிகிறது. இரண்டு கிளாஸ் டீ, ஒரு கிண்ணம் மொகிங்கா மீன்சாறு. அப்புறமும் எரிச்சல்.

வாங்க: சீயக்காய், விளக்குத் திரி, அன்னம் முகத்தில் பூசத் தனாக்கா கட்டை.

மார்ச் 2, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. மறுபடியும் தோல்வி. வரியை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். கீழே வெறும் மேஜைப் பலகை.

நாயுடு என்னைப் பார்த்தார். மீசையை முறுக்கினார். அது போதாதா?

மார்ச் 23, திங்கள்

ஜெயம்! 3–1. புது மானேஜர் வந்திருக்க வேண்டும். போன வாரமும் ஜெயம். ஒரு படி மேலே.

தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நாயுடு முன்னால் இரண்டு தரம் நடந்தேன். தேவையே இல்லாமல்.

ஏப்ரல் 14, செவ்வாய்

தண்ணீர்த் திருவிழா. தெருமுனைக்குத் தெருமுனை வாளியோடு நிற்கிறார்கள். கோ தெயினின் தங்கைகள் என்னைப் பார்த்ததும் விடவில்லை. சட்டை, லுங்கி, சுருட்டு எல்லாம் போயிற்று. சிரித்துக்கொண்டே நனைந்தேன். ஏன் என்றால் நேற்றும் ஜெயம். கடைசி இரண்டு இடத்துக்கும் மேலே வந்துவிட்டோம். அதாவது தப்பித்த இடம்.

நாயுடு வீட்டுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போனேன். பேச்சுக்கு நடுவே கை மீசைக்கே போய்க்கொண்டிருந்தது. அவர் சம்சாரம் கேட்டார்: "என்னங்க, அங்க ஏதாச்சும் கடிச்சிருச்சா?"

ஏப்ரல் 27, திங்கள்

காற்றே இல்லை. தோல்வி. ஆனால் இன்னும் உயிர் இருக்கிறது. கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே போதும், தங்கிவிடலாம். ஜெயிக்கக்கூட வேண்டாம்.

அன்னம் சொன்னாள்: "சீமையில யாரோ பந்தை உதைக்கிறாங்க. இங்க ஏன் உங்களுக்கு சோறு எறங்க மாட்டேங்குது?"

சாப்பிட்டேன், அவளுக்காக.

மே 4, திங்கள்

ஹார்ன்பிரிட்ஜ் 1, எதிராளி 2.

கோ தெயின்தான் முதலில் பார்த்தான். தந்தித்தாளை மேஜையில் குப்புற வைத்துவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டான். அதிலேயே தெரிந்துவிட்டது.

வரியை நகர்த்தினேன். கடைசிக்கு முந்தின இடம். நாயுடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் உத்தரவு: மற்ற வரிகளை நூலால் கட்டி ஆகஸ்டு வரை அலமாரியில். இறங்கிய இரண்டையும் உடைத்துப் பெட்டியில். ஒன்றை உடைத்தேன். ஹார்ன்பிரிட்ஜை உடைக்கவில்லை. நூலால் சுற்றி, காகிதத்தில் மடித்து, என் இழுப்பறையில் வைத்துவிட்டேன். யார் என்ன செய்துவிடுவார்கள்?

மே 5, செவ்வாய்

காலையில் முதல் வேலை, பபேடானில் நாவிதர் கடை.

"பாதியா? எந்தப் பாதி?"

"உங்க இஷ்டம்."

"முடியாது தம்பி. இதோட தெருவுல போனா யார் செரைச்சதுன்னு கேப்பாங்க. என் கடை பேர் என்னாகும்?"

வீட்டுக்குத் திரும்பி நானே எடுத்தேன். இடது பக்கம். அன்னம் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள், அப்புறம் கண்ணில் தண்ணீர், அது சிரிப்பா வேறா தெரியவில்லை.

"மிச்சத்தையும் எடுத்துடுங்களேன். கோயிலுக்கு எப்படிக் கூட வருவேன்?"

மாட்டேன். பாதி என்று சொன்னேன், பாதிதான். முழுதாக எடுத்தால் மறைப்பது போல் ஆகும். நான் எதையும் மறைக்கவில்லை.

அச்சகத்தில் ஒரு நிமிஷம் எல்லா மெஷினும் நின்றது. நான் சாக்குச் சொல்வேன் என்று நாயுடு காத்திருந்தார் போலும். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"விளையாட்டுக்குச் சொன்னதுடா. முழுசா எடுத்துட்டு வா, பாக்க சகிக்கலை."

"பந்தயம் பாதிதான், மேஸ்திரி."

நாள் முழுக்க ஆசிரியர் துரை உட்பட எல்லோரும் ஏதோ ஒரு வேலையாக என் மேஜைப் பக்கம் வந்தார்கள். நிமிர்ந்தே இருந்தேன். கழுத்து வலி.

மே 11, திங்கள்

முதல் மழை. மாட்டிக்கொண்டேன். ஏதோ கம்பெனி விளம்பரத்துக்குப் பெரிய 'எச்', ஹார்ன்பிரிட்ஜின் முதல் எழுத்து, ஒன்று குறைந்தது. நாயுடு பெட்டி பெட்டியாகத் தேடி, கடைசியில் நேராக என் இழுப்பறைக்கு வந்தார். பொட்டலத்தைப் பிரித்தார்.

"எழுத்து கம்பெனி சொத்து, சம்முகம்."

"கம்பெனிக்குள்ளதானே இருக்கு, மேஸ்திரி."

"எதிர்த்துப் பேசறியா? மாசக் கடைசிக்குள்ள கலைச்சுப் பெட்டியில போடு. இல்லேன்னா நானே கலைப்பேன்."

கலைக்க மாட்டேன். வேலையை விட்டுத் துரத்தினாலும் சரி. (அன்னத்திடம் சொல்லவில்லை.)

மே 29, வெள்ளி

விடாத மழை. டிராம் நின்றுவிட்டது, பாதி தூரம் நடை. மிளகாய் தீர்ந்துவிட்டதாம், வாங்க மறந்தேன்.

கப்பல் வந்துவிட்டது. அந்தக் கடைசி ஆட்டம் பற்றிப் பத்திரிகையில் ஒரு முழுப் பத்தி. நாயுடு சத்தமாகப் படித்துக்கொண்டே தமிழில் சொன்னார், நடுவில் குரல் இறங்கிவிட்டது.

முதல் பாதியிலேயே கோல்கீப்பருக்குக் கை உடைந்திருக்கிறது. மாற்று ஆள் இறக்க அங்கே விதி இல்லை. இன்னொருவனைக் கோலில் நிறுத்திவிட்டு, இவன் உடைந்த கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மைதான ஓரத்தில் நின்று ஆடியிருக்கிறான். வெளியே போ என்றதற்குப் போகவில்லையாம். அந்த ஒரு கோல் அவன் போட்டது. தோற்று இறங்கிய பிறகும் ஜனங்கள் வீட்டுக்குப் போகாமல் மழையில் நின்று, அவனை வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம்.

கோ தெயின் மெஷினை நிறுத்திவிட்டான். எனக்குச் சந்தோஷம்தான். தோற்றதற்குச் சந்தோஷமா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்பேன்.

நாயுடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பொட்டலத்தை எடு."

எடுத்தேன். கொடுக்கவில்லை.

"நீங்க கலைச்சா நான் திரும்பவும் கோப்பேன், மேஸ்திரி. கலைக்கக் கலைக்கக் கோப்பேன்."

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பிரித்து, விரலால் எழுத்தை அழுத்திப் பார்த்தார்.

"நூல் தொளதொளன்னு இருக்கு. இப்படிக் கட்டினா அவங்க மேல ஏறித் திரும்பி வர்ற வரைக்கும் நிக்குமா? இறுக்கிக் கட்டு."

இறுக்கிக் கட்டினேன். அலமாரியில், மற்ற வரிகளோடு.

வீடு திரும்பும்போது டிராமில் ஒருவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும். இடது பக்கம் முளைத்து வருகிறது.